தங்கப் பல்லில் வைத்த பொட்டு

கம்ப்யூட்டர் என்றாலே மடியில் வைத்துக்கொள்கிற சாமான் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நாற்பதை நெருங்கிவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற நமக்குத்தான் அந்தச் சத்தம் தெரியும். சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் அதே நீளத்துக்கு ஒரு பீப். திரையில் ஒன்றும் வராது. அந்தக் கறுப்பில் நம் முகம்தான் தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு மே மாதம் முழுக்க அந்தச் சத்தத்தோடுதான் இருந்தேன். வேறு துணை கிடையாது.

ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி மூன்றாவது சந்தில், ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் அப்பாவும் நானும். அம்மா குவைத்தில் நர்ஸ். எனக்குப் பத்து வயது முடிந்த வாரத்தில் போனவள். இரண்டு வருடக் கான்ட்ராக்ட். நடுவில் லீவில் வருவதாக இருந்தது. வரவில்லை.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. முதல் ஷிஃப்ட் வாரங்களில் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். தயிர்சாதம் ஒரு டப்பாவில், ஊறுகாய் அதன் மூடியில். வீட்டுச் சாவி கறுப்புக் கயிற்றில் என் கழுத்தில் தொங்கும். பள்ளிக்கூடம் இருந்த வரைக்கும் பரவாயில்லை. லீவு விட்டதும் சந்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திண்டிவனம், செய்யாறு என்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி காலை பதினோரு மணிக்கு மாடிப்படியில் பாதி ஏறி, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு இறங்குவார். ‘ரொம்ப சமத்து, ஒரு சத்தம் கிடையாது’ என்று அப்பாவிடம் சொல்வார். அப்பாவும் அதையே தொழிற்சாலையில் சொல்வார். பேச ஆளே இல்லாத பெண் எங்கிருந்து சத்தம் போடுவாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெரியவர்களுக்குச் சமத்து என்ற சொல் கிடைத்துவிட்டால் அதோடு நிம்மதி.

மத்தியானம் கரண்ட் போகும். ஃபேன் நிற்கும். எங்கேயோ புதுவீடு கட்டுகிற இடத்தில் ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்கும். நான் அம்மாவின் பீரோவைத் திறந்து, மடித்து வைத்த புடவைகளுக்கு நடுவில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பேன். முதல் வருடம் அதில் அம்மா வாசனை இருந்தது. பூச்சி அரிக்கும் என்று அப்பா அந்துருண்டை வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகு பீரோவே அந்துருண்டை வாசனைதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புடவையைக் காப்பாற்றினார்.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. அது வலது கன்னமா இடது கன்னமா என்று எனக்கு மறந்துபோயிற்று. சுவரில் இருந்த ஸ்டூடியோ போட்டோவில் அவள் முகத்துக்குப் பவுடர் அடித்து மச்சத்தை மறைத்திருந்தார்கள். அப்பாவிடம் கேட்க வெட்கமாக இருந்தது. பெற்ற தாயின் முகமே மறந்துபோன பெண் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் போன் வரும். அவளுக்கு அன்றுதான் ஓய்வு. ஐந்து நிமிஷம், அதில் மூன்று அப்பாவுக்கு. ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ரிசீவர் அப்பாவின் காதில் இருந்தபோதும் அம்மா குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்களாம். மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ‘எனக்கு ஒண்ணும் புரியலீங்க. புள்ளைய ஒரு தடவ கண்ணால பாத்துட்டேன்னா ஒரு முடிவு எடுத்துடுவேன்.’

கூட வேலை செய்யும் ஒரு நர்ஸின் அறையில் கேமரா வைத்த கம்ப்யூட்டர் இருக்கிறது, நம் வீட்டிலும் ஒன்று இருந்தால் போதும் என்று அவள் சொன்னாள். வாங்கிவிடலாம் என்றார் அப்பா. நான் அன்றைக்கே மனதில் முடிவு கட்டிவிட்டேன். என் முகத்தைப் பார்த்தால் அம்மா கிளம்பி வந்துவிடுவாள். பார்க்க வைப்பது மட்டும்தான் வேலை.

கடையிலேயே பொருத்தி வைத்த கம்ப்யூட்டரை வாங்குவது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். ‘லேத்தையே பிரிச்சு மாட்டுறவன் நான்’ என்றார். அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை. மேற்குத் தாம்பரத்துக்காரர். வாய் ஓயாமல் பேசுவார், எங்கள் வீட்டுக்கு வந்து சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ரிச்சி தெருவில் தெரிந்த கம்ப்யூட்டர் சாமான் கடை இருந்தது. இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், கனத்த கைப்பைகளோடும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடும் வந்து இறங்கினார்கள். மாமா மானிட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அட்டையைப் பிரித்ததும் வந்த தெர்மோகோல் வாசனையும்.

சாமான்களை வைத்துவிட்டு மாமா போய்விட்டார். பொருத்துவது அப்பா. கூடத்தில் பழைய போர்வையை விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார். மதர்போர்டு, அதன் தலையில் குட்டி ஃபேன், ஹார்ட் டிஸ்க், கரண்ட் சப்ளை கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி. ஒரு பிளாஸ்டிக் உறையில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை ஒன்று தனியாகக் கிடந்தது. அதன் பெயர் ரேம் என்றார் அப்பா. அதன் ஓரம் முழுக்கப் பொடிப் பொடியாகத் தங்கப் பற்கள். நிஜத் தங்கமே பூசுவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்ச் போடுவதில்லை. மிக்சிக்கு வைத்தோம், கேஸ் அடுப்புக்கு வைத்தோம், அப்பாவின் மொபெட்டுக்கு இன்னமும் ஹெட்லைட்டில் ஒரு மஞ்சள் கறை உண்டு. எல்லாம் அம்மா வைத்தவை. அப்பா சுவர் மூலையில் இருந்த பூஜை அலமாரியைக் காட்டி, ‘நீ வை பாப்பா. இது அம்மா பண்ற வேலை’ என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் வேலை என் கைக்கு வந்திருக்கிறது. சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்தேன். குங்குமம் மாடம்பாக்கம் கோவிலில் கொடுத்தது. போன வாரம்தான் தனியாக நடந்தே அங்கே போய், அம்மா வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பேப்பரில் மடித்து எடுத்து வந்திருந்தேன். பெட்டிக்கு ஒரு பொட்டு, மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டு, மவுஸ், கேமரா. அப்பா ஸ்குரூ டிரைவர் எடுக்க உள்ளே போன நேரத்தில் அந்தப் பச்சைப் பட்டையைக் கையில் எடுத்தேன். தங்கம் இருக்கிற இடம்தானே முக்கியமான இடம். அந்தப் பற்களின் மேலேயே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் அழுத்தி, ‘அம்மா வரணும்’ என்று ஒரு முறை சொல்லி, பொட்டு கீழே இருக்கும்படி திரும்பவும் உறையில் வைத்துவிட்டேன். அப்பா வந்து கண்ணாடிகூடப் போடாமல் அதை எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி, டக்கென்று உள்ளே இறக்கினார்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. சாமிக்கு வைத்ததால் கெடும் என்று யார் நினைப்பார்கள்.

கற்பூரம் காட்டி, சக்கரத்தின் கீழ் வைப்பது போல பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் ஒன்றையும் வைத்து, அப்பா பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. நீளமாக ஒரு பீப். மறுபடியும் ஒன்று. திரை கறுப்பாகவே இருந்தது.

அன்றிலிருந்து அப்பாவின் ஆராய்ச்சி தொடங்கியது. மானிட்டர் வயரைக் கழற்றி மாட்டினார். எஸ்எம்பிஎஸ் பின்னால் இருந்த சிவப்பு வோல்டேஜ் குமிழைப் பார்த்து, சரியான பக்கம்தான் இருக்கிறது என்று தலையாட்டினார். ஃபேனைப் பிரித்துப் பூட்டினார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் போர்வையில் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அவர் தொழில் கற்றுக்கொடுத்த சட்டம் ஒன்று இருந்தது.

‘ஓடுறதுதான் தேயும் பாப்பா. தேயுறதுதான் கெடும். ஓடாததுக்கு ரிப்பேர் வராது.’

அதனால் சுற்றுகிற சாமான் ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டார். ஃபேன், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன். அசையாமல் நின்ற அந்தப் பட்டையை அவர் தொடவே இல்லை. லேத்தில் முப்பது வருஷம் நின்றவருக்கு அது வெறும் பட்டை. ஒரு நாள் லீவு போட்டு, எஸ்எம்பிஎஸ்ஸையும் ஹார்ட் டிஸ்க்கையும் மட்டும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் ரயிலேறினார். கடையில் அவர்களுடைய போர்டில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஜோராக ஓடியிருக்கிறது. சந்தோஷமாகத் திரும்பி வந்து இங்கே மாட்டினார். பீப்.

அந்த நாட்களில் பகலெல்லாம் அது கூடத்தில் வயிறு திறந்து கிடக்கும், நான் அதன் பக்கத்தில் கிடப்பேன். அப்பா இல்லாதபோது தொடக்கூடாது என்று உத்தரவு. ஆனாலும் பட்டனை அழுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்பேன். கேட்டுவிட்டு அணைப்பேன். வீட்டில் ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்றுதான். காலண்டரில் மே கடைசி வெள்ளிக்கிழமையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன். அதற்கு முந்தின இரண்டு வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. அம்மா போனில், இன்னும் ஆகலையா, இன்னும் ஆகலையா என்று கேட்டாள்.

வட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா அதற்குள் மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். நான் டீ போட்டுக்கொண்டு வரும்போதே குரல் ஏறியிருந்தது. கடைக்காரன் பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டான், கூட நின்றவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்கிறார் அப்பா. மாமா முதலில் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

‘இன்னாபா, என்னையே சொல்றியா? மொதல்ல அந்த ரேமைக் கயட்டி, பசங்க ரப்பர் கீதுல்ல, அத்தால தேச்சி மாட்டிப் பாரு. எங்க தெரு பிரௌசிங் சென்டர்ல டெய்லி அதான் பண்ணிகினு கீறாங்க.’

‘அதுல என்ன இருக்கு கெட்டுப்போக? பேச்சை மாத்தாத.’

மாமா எழுந்து செருப்பை மாட்டினார். என் தலையில் கை வைத்துவிட்டு, ‘வரேன் பாப்பா’ என்றார். டீயைத் தொடவில்லை. அது ஆடை கட்டி அப்படியே இருந்தது. கொட்டும்போது எனக்கு அழுகை வந்தது. இனி இந்த வீட்டில் சிரிக்க யார் வருவார்கள் என்றுதான் அழுதேன், வேறு பெரிய நியாயம் ஒன்றும் அப்போது தெரியாது.

மறுநாள் அப்பா முதல் ஷிஃப்ட். ஆன்ட்டி பதினோரு மணிக்கு வந்து பார்த்துவிட்டு இறங்கியதும் நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்தேன். வெள்ளை ரப்பர், ஓரத்தில் பச்சைக் கோடு போட்டது, மோந்து பார்த்தால் பழ வாசனை வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டையின் இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் கொக்கியை விலக்கினேன். அது தானாக எழும்பி வந்தது.

திருப்பினேன். போர்டைத் தொட வேண்டிய தங்கப் பற்களில் நாலைந்தை மூடிக்கொண்டு, காய்ந்து வெடித்துப்போய், என் பொட்டு இருந்தது.

ஃபேன் இல்லை, எஸ்எம்பிஎஸ் இல்லை, கடைக்காரர் இல்லை, மாமா இல்லை. நான். அம்மா வரவேண்டும் என்று சொல்லி நானே வைத்தது.

தேய்த்தேன். ரப்பர் சிவந்தது. ஊதிவிட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு பல்லும் பளிச்சென்று ஆனது. வைத்து, அப்பா செய்தது போலவே இரண்டு கட்டைவிரலால் அழுத்தி, பிளக்கைச் செருகி, பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு குட்டி பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே ஓடின. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட என் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. பல்லியிடம் சொன்னேன்.

அப்பா வந்ததும், சும்மா கழற்றி மாட்டினேன், வந்துவிட்டது என்றேன். ரப்பரையும் பொட்டையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருப்பார். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பத்து வயதுக்குப் பிறகு அவர் என்னைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சிடி போட்டு எல்லாம் ஏற்றியாயிற்று. டெலிபோன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகியாயிற்று. இன்டர்நெட் கார்டைக் காசால் சுரண்டி நம்பர் எடுத்தாயிற்று. நான் தலைக்குக் குளித்து, நானே இரட்டைப் பின்னல் போட்டு, ஆன்ட்டி வீட்டுச் செடியில் ஒரு முழம் கனகாம்பரம் பறித்துக் கட்டி வைத்துக்கொண்டேன். தீபாவளிப் பாவாடை. முகத்தில் பவுடர், கண்ணில் மை. அப்பா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டார். கூடத்தைக்கூடப் பெருக்கி, போர்வையை மடித்து வைத்தோம். அம்மா பார்த்து ஆசைப்பட வேண்டும், இப்படிப்பட்ட வீட்டுக்கு உடனே வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். இது என் கணக்கு. அப்பாவின் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை.

ஆறரைக்கு மோடம் கரகரவென்று கத்தி, ஒரு வழியாக அடங்கியது. ஒரே லைன் என்பதால் குரல் கிடையாது, எழுத்துதான். அந்த ஊர் நாலு மணி வெளிச்சத்தில், தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் அம்மா வந்தாள். அசையவில்லை. பத்து எண்ணினால் ஒரு படம் மாறும். சிரிப்பு, பிறகு கையால் வாயை மூடிய படம், பிறகு திரையைத் தொடுகிற விரல். முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. மச்சம் எந்தக் கன்னம் என்று தெரியவில்லை.

அவள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாள். சாப்பிட்டியா என்றாள். எவ்ளோ வளந்துட்ட என்றாள். பின்னல் யார் போட்டது, நீயேவா என்றாள். அப்பா என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒற்றை விரலால், கம்ப்யூட்டரையே இவள்தான் சரி செய்தாள் என்று அடித்தார். பெருமை அவருக்குத் தாங்கவில்லை.

அப்புறம் வந்த படத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். அழுகிறாளா, இமைத்தாளா, தெரியாது. படம் அதோடு நின்றுவிட்டது. எழுத்து மட்டும் கீழே ஒவ்வொரு வரியாக வந்தது.

‘இவ்ளோ நாள் நீ எப்படி இருக்கியோன்னு பயந்துகிட்டே இருந்தேன் கண்ணு.’

‘இப்பதான் நிம்மதி. பெரிய பொண்ணு ஆயிட்ட. எல்லாம் நீயே பாத்துக்கற.’

‘நாளைக்கே கையெழுத்து போட்டுடறேன். ரெண்டே வருஷம். இனிமே வாராவாரம் பாத்துக்கலாம்ல.’

அப்பா நிமிர்ந்தார். அவர் சட்டையின் இஸ்திரி வாசனை என் முதுகிலிருந்து விலகியது. நான் எழுத்துகளைத் தேடித் தேடி, சரிம்மா என்று அடித்தேன். கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அழுமூஞ்சியாக, எண்ணெய் காணாத தலையோடு உட்கார்ந்திருந்தால் அவள் கிளம்பி வந்திருப்பாள். நான் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மத்தியானம் தாழ்ப்பாள் போட்டு, சந்தனம் குழைத்து, பட்டையைக் கழற்றி, இந்தத் தடவை ஒரு பல் விடாமல் பூசினேன். அதன் மேல் குங்குமம். பார்க்க முடியாவிட்டால் வருவாள் இல்லையா. இந்த முறை ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

அப்பா நாலு மணிக்கு வந்து பட்டனை அழுத்தினார். பீப். ‘போன தடவ நீதானே பண்ண, பாரு’ என்றார். தெரியலப்பா என்றேன். ஃபேனைத் தொட்டார், விட்டார். பிறகு மொபெட் சாவியை எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். வழியில் என்ன பேசினார்கள், எப்படி மன்னிப்புக் கேட்டார், எனக்குத் தெரியாது. இரண்டு பேர் காதும் சிவந்திருந்தது.

மாமா பெட்டியைத் திறந்து நேராக அந்தப் பட்டையைத்தான் கழற்றினார். கழற்றியவர் அசையாமல் நின்றார். அப்பா மோடம் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

‘ரப்பர் கீதா பாப்பா?’

கொண்டுவந்து கொடுத்தேன். வேறு ரப்பர் என்னிடம் இல்லை. அதன் ஒரு முனை முழுக்கப் பழைய சிவப்பு. மாமா ரப்பரைப் பார்த்தார். கையில் இருந்த ஈரப் பொட்டைப் பார்த்தார். என் மோதிர விரலைப் பார்த்தார், கழுவியும் போகாமல் இருந்தது. எல்லாமும் அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்னை அந்த ஞாயிற்றுக்கிழமை வாசல்வரை விரட்டியது எது என்பதும்.

மாமா முதுகைத் திருப்பி, அப்பாவுக்குத் தெரியாதபடி, வேட்டி முனையால் முதலில் துடைத்து அப்புறம் ரப்பரால் தேய்த்தார்.

‘என்ன ஆச்சாம்?’ என்று அப்பா அங்கிருந்தே கேட்டபோது, ‘தூசிப்பா. இந்த ஏரியாவுல எங்க பாத்தாலும் வூடு கட்றானுங்க, தூசி அடங்குமா’ என்றார்.

ரப்பரை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டார். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. டீ போடச் சொன்னார். முழுசாகக் குடித்தார்.

ஆறரைக்கு அம்மா வந்தாள். ஏன் லேட் என்றாள். தூசி என்று அப்பா அடித்தார். அம்மா உடனே, தூசி இவளுக்கு ஆகாதே, இருமல் இருக்கா என்று கேட்டாள். அப்பா கீபோர்டை என் பக்கம் தள்ளினார். ‘வாம்மா’ என்று எழுத்து எழுத்தாக அடித்தேன். மாமா டீ டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அதை அனுப்பவில்லை. ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, ‘இல்லம்மா, நல்லா இருக்கேன்’ என்று அனுப்பினேன்.

இரண்டு வருஷம் நாலு வருஷமாகி, ஆறில் முடிந்தது. அம்மா திரும்பி வந்தபோது நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மச்சம் இடது கன்னம். அந்தக் கம்ப்யூட்டர் எடைக்குப் போயிற்று, மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரப்பரும் எந்த வீடு மாற்றலிலோ தொலைந்துவிட்டது. போன வருஷம் பேச்சுவாக்கில் அம்மா ஒன்று சொன்னாள். அந்த முதல் வெள்ளிக்கிழமைக்கு அவளும் அறைத்தோழியின் புடவையை இரவல் வாங்கிக் கட்டி, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாளாம். நான் கவலைப்படக்கூடாது என்று. முந்தின இரவெல்லாம் அழுது கண் வீங்கியிருந்ததாம். தீப்பெட்டிக் கட்டத்தில் அதெல்லாம் எங்கே தெரியும்.

இப்போது நான் வெளியூரில் இருக்கிறேன். அம்மா ராஜகீழ்ப்பாக்கத்தில், அதே சந்துக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிடுகிறாள். இப்போதெல்லாம் படம் நிற்பதில்லை, மயிர்க்கால் வரை தெரிகிறது. மணி அடித்ததும் என் கை தானாகத் தலைக்குப் போகும். கையை எடுத்துவிடுவேன். கலைந்த தலையும் எண்ணெய் வழிகிற முகமுமாகப் போய் உட்காருவேன்.

‘ஏன்டி ஒரு மாதிரி இருக்க? ஒடம்பு சரியில்லையா? நான் கிளம்பி வரட்டுமா?’ என்பாள்.

‘வாம்மா’ என்கிறேன். இப்போதெல்லாம் அழிப்பதில்லை.